சிதம்பரத்து நீலாம்பரி வைத்தியம்

பினாங்கிலிருந்து நான் கொண்டுவந்த பெட்டியில் இரண்டு சேலை, புண்ணுக்குக் கட்டுகிற காஸ் துணி பத்துக் கட்டு, ஆறு டப்பா வாசலின், ஒரு வளைந்த கத்தரிக்கோல், இவ்வளவுதான் இருந்தன. சுங்கத்துக்காரர் எல்லாவற்றையும் கிளறிவிட்டு, "வேற ஒண்ணும் கொண்டாரலியாம்மா?" என்று கேட்டார். அவர் முகத்திலிருந்த ஏமாற்றத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கப்பலில் வருகிறவள் என்றால் சென்ட்டும் நைலானும் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று சட்டமா என்ன? நான் வந்தது அண்ணன் காலுக்காக.

அண்ணன் கோவிந்தன் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் படகு இழுக்கிற கூட்டத்தில் இருப்பவன். கரையில் கவிழ்த்துப் போட்ட ஒரு படகுக்கு அடியில் பூசக் கீல் காய்ச்சிக்கொண்டிருந்தார்களாம். கொதிக்கிற சட்டி சரிந்து அவன் வலது தொடையிலிருந்து கணுக்கால் வரை ஊற்றிவிட்டது. நடந்து ஒன்றரை மாதம் கழித்து எனக்குக் கடிதம் வந்தது. அண்ணி சொல்லச் சொல்ல, அண்ணனை மச்சான் என்று கூப்பிடுகிற கூட்டாளி காசிம் எழுதியது. 'மச்சான் கட்டு மாற்ற விடமாட்டேன் என்கிறார், முட்டி மடங்கிக்கொண்டே போகிறது, நீங்கள் வந்தால்தான் ஆகும்.' பதினெட்டு வருஷமாக ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருக்கிற எனக்கு, அந்த இரண்டு வரியிலேயே மீதி முழுவதும் தெரிந்துவிட்டது. தீப்புண் பட்டவனுக்குக் காலை மடக்கி வைத்தால் சுகமாக இருக்கும். மடக்கியே வைத்தால் தோல் சுருங்கி, முட்டி மடங்கினது மடங்கினபடியே நின்றுவிடும். அதற்கப்புறம் ஆயுசுக்கும் கோல்தான்.

முதல் நாள் முதுநகர் வீட்டில் நுழைந்ததும் புண் நாற்றம்தான் என்னை வரவேற்றது. ஆறடி ஆள், கடா மீசை, கயிற்றுக் கட்டிலில் காலைக் குறுக்கிக்கொண்டு கிடந்தான்.

"வாம்மா சரசு. கடுதாசி போட வேணாம்னுதான் சொன்னேன். இவுங்கதான் கேக்கல."

"கட்டு மாத்தி எத்தனை நாளாச்சு?"

"அது ஆச்சு ஒரு வாரம்" என்றான், ஏதோ தீபாவளியைச் சொல்வதுபோல.

அண்ணி நெத்திலிக் குழம்பு வைத்திருந்தாள். அரிசியை வரிசையில் நின்று வாங்கிய காலம், சோற்றில் பாதி கல். ஆனால் அந்தக் குழம்புக்காகக் கல்லையும் தின்னலாம். பினாங்கில் கிடைக்கிற நெத்திலிக்கு உப்பு மட்டும்தான் இருக்கும்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே போய் விசாரித்தேன். அங்கே யாரையும் குறை சொல்ல முடியாது. "வலி தெரியாம இருக்கப் போடற பெத்தடின் ஊசியை மாசக்கணக்குல தினம் போட முடியுமாம்மா? பழக்கமாயிடும். ஊசியில்லாம மாத்தலாம்னா உங்க அண்ணன் டேபிளைவிட்டுக் குதிச்சு ஓடறாரு" என்றார் அங்கிருந்த நர்ஸ். மூன்று தடவை ஓடியிருக்கிறான். மூன்றாவது தடவை நொண்டியடித்துக்கொண்டே கரைக்குப் போய், படகில் பாய்க்கு அடியில் ஒளிந்திருக்கிறான். கூட்டத்து ஆட்கள் 'பாக்கலியே' என்று சாதித்திருக்கிறார்கள். என்ன ஒரு விசுவாசம்! கால் போனாலும் பரவாயில்லை, காட்டிக்கொடுக்க மாட்டார்களாம்.

சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று உப்புத் தண்ணீர் காய்ச்சினேன். என்னிடம் ஒரு வித்தை உண்டு. ஒட்டிக்கொண்ட துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு, "மூணு சொன்னதும் எடுப்பேன்" என்று நோயாளியிடம் சொல்வேன். ஒன்று, இரண்டு என்று எண்ணி, இரண்டிலேயே இழுத்துவிடுவேன். மூன்றுக்காக இறுகிக் காத்திருக்கிறவனுக்கு நடந்தது புரிவதற்குள் வேலை முடிந்துவிடும். அண்ணனிடமும் அப்படித்தான் செய்தேன். அவன் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். உப்புத் தண்ணீர்ச் சட்டி உதைபட்டுப் போய்க் கதவில் விழுந்தது.

"பொய்க்காரி! மூணுன்னு சொல்லிட்டு ரெண்டுல இழுக்கற!" என்று கத்தினான். அதற்குமேல் என்னைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே விடவில்லை. கூடப் பிறந்தவளைப் பார்த்து ஒரு ஆண்பிள்ளை சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது. அதையும் ஆத்திரத்திலேயே சேர்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் அண்ணி ஒரு சிதம்பரத்து டாக்டரைப் பற்றிப் பேச்செடுத்தாள்.

"பாட்டு வச்சு வலியே தெரியாம கட்டு மாத்தறாராம். சொல்றாங்க எல்லாரும்."

"பாட்டா? எதுக்கு, கட்டு மாத்தறப்போ ஆடறதுக்கா?"

"நீ கிண்டல் பண்ணாதம்மா. ஒனக்கு வேற வழி இருந்தா சொல்லு" என்றாள் அண்ணி. என்னிடம் வேறு வழி இல்லை.

மூன்றாம் நாள் ரயில். கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்து வைத்தார்கள் கூட்டத்து ஆட்கள். எங்களோடு காசிம் மட்டும் வந்தான். பரங்கிப்பேட்டைக்காரன், கூட்டத்தில் கயிற்றின் முதல் பிடி அவனுடையது. கீல் சட்டி சரிந்தபோது அண்ணனை இழுத்து வெளியே போட்டதும் அவன்தான். கை இரண்டிலும் கறுப்புக் கறுப்பாகத் தழும்பு.

டிக்கெட் பரிசோதகர் கட்டிலைச் சுற்றி வந்து பார்த்தார். "ஆளுக்கு டிக்கெட் இருக்கு சரி. கட்டிலுக்கு?"

"கட்டில் இப்ப அவருக்குக் காலு மாதிரி சார். காலுக்குத் தனி டிக்கெட்டு கேப்பீங்களா?" என்றான் காசிம்.

அவர் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். இவ்வளவு சாமர்த்தியக்காரன் பரங்கிப்பேட்டை ஸ்டேஷனில் என்ன செய்தான் தெரியுமா? அவன் அக்கா ஒரு தூக்குச் சட்டியில், தேங்காய்ப்பாலும் முட்டையும் போட்டுச் செய்த வட்டலப்பம் கொண்டுவந்து நின்றிருந்தாள். வாங்க இறங்கினான். வாங்கினான். அக்காவின் பிள்ளைகள் எல்லாரையும் பேர் பேராக விசாரித்தான். வண்டி கிளம்பியது. வட்டலப்பத்தை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் ஓடி வந்தவன் அப்படியே சின்னதாகிப் போனான்.

சிதம்பரத்தில் இறங்கினால் நானும் கட்டிலும் கட்டிலில் அண்ணனும். குதிரை வண்டிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "படுத்த ஆளை ஏத்தறதில்லம்மா. குதிரை வேற மாதிரி நெனைச்சுக்கும்" என்றார். குதிரை என்ன நினைக்கும் என்பதுவரை இந்த ஊரில் கவலைப்படுகிறார்கள். பினாங்காக இருந்தால் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும், டிரைவர் வாய் திறக்க மாட்டான். கடைசியில், அண்ணாகிராமத்திலிருந்து வந்த பலாப்பழத்தை மார்க்கெட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்த ஒரு மாட்டுவண்டிக்காரர் இரக்கப்பட்டார். கட்டிலை ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டு, பழங்களுக்கு நடுவில் அண்ணனைக் கிடத்தி, ஒரு பெரிய பழத்தின்மேல் சாக்கைப் போட்டுக் காலை வைத்தோம். தேர் வீதியில் சாமி புறப்பாடு மாதிரி போனோம். இரண்டு பேர் பழம் என்ன விலை என்று கேட்டார்கள்.

டாக்டர் சபேசனின் ஆஸ்பத்திரி ஆறு கட்டில் போட்ட ஒரு பழைய வீடு. இடம் சுத்தமாக இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். சுவரில் ஒரு அட்டவணை மாட்டியிருந்தது. தையல் போட ஆனந்தபைரவி. கட்டி கீற சங்கராபரணம். கட்டு மாற்ற நீலாம்பரி.

"பல்லு புடுங்க?" என்று கேட்டேன்.

"அது இன்னும் ஆராய்ச்சியில இருக்கு" என்றார் டாக்டர். சிரிக்காமல் சொன்னார். ஐம்பது வயசிருக்கும், நல்ல மனுஷர், கண்ணில் ஒரு கிறுக்கு மினுக்கியது.

வாசிக்கிற வித்துவான் யார் என்றால், டாக்டரின் சொந்த மச்சினன் பஞ்சு. பிடில்காரர். கச்சேரி வாய்ப்பு அதிகமில்லை என்பது அவர் ஜிப்பாவைப் பார்த்தாலே தெரிந்தது. மச்சினனை உட்கார வைக்க ஒரு வைத்தியத்தையே கண்டுபிடித்த மனுஷரை அன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலம் காசிம் வந்து சேர்ந்தான், வட்டலப்பம் காலி. "ரயிலு வர ஜாஸ்தி நேரமாச்சுக்கா. பசி" என்றான்.

நாலாம் நாள் காலையில் வைத்தியம் ஆரம்பித்தது. பஞ்சு ஜமக்காளம் விரித்து உட்கார்ந்து, கால் மணி நேரம் சுருதி கூட்டினார். அதற்குள்ளேயே அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. பிறகு நீலாம்பரி. நல்ல வாசிப்புதான். தாலாட்டுகிற மாதிரி இழைத்து இழைத்துப் போயிற்று. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். இடுக்கி பிடித்த கையால் தாளம் வேறு போட்டார். துணியின் நுனி இடுக்கியில் இருக்கிறது, தாளத்துக்குத் தாளம் அதுவும் ஆடுகிறது, அண்ணனும் கூடவே துள்ளுகிறான்.

"டாக்டர், எடுக்கறதா இருந்தா எடுங்க" என்றேன்.

"இருங்கம்மா, சரணத்துக்கு வரட்டும்."

சரணம் வந்தது. டாக்டர் இழுத்தார். அண்ணன் போட்ட அலறலில் ஜன்னலில் இருந்த புறாக்கள் பறந்தன. பஞ்சு வில்லை நிறுத்திவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, "சுருதி போயிடுத்து! கத்தறதா இருந்தா ஒரே ஸ்தாயியிலே கத்தச் சொல்லுங்கோ" என்றார்.

"யோவ், ஒன் பொட்டிய எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போய்யா!" என்று அண்ணன் கட்டில் கம்பியைப் பிடித்து உலுக்கினான். பக்கத்து அறையில் குழந்தை பெற்றுப் படுத்திருந்த அம்மாள், "எனக்குக் கல்யாணத்துல கூட இவ்ளோ பாட்டு வக்கல" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாளும் அதே கூத்து, வேறு ராகம். காலில் மூன்றில் ஒரு பங்குகூடப் புதுக்கட்டு விழவில்லை. காலை நீட்டிவைக்க அடியில் போட்ட பலகையில் முட்டி படிய மறுத்தது. பலகைக்கும் முட்டிக்கும் நடுவில் கட்டைவிரல் போக என் இரண்டு கை விரல்கள் எட்டையும் அடுக்கி வைத்தால் போகும், அவ்வளவு இடைவெளி. எனக்குக் கப்பல் ஏறப் பத்து நாள்தான் பாக்கி.

"வலி கொஞ்சமாவது குறைஞ்சுதாண்ணே?"

"எங்க கொறைய? அந்தாளு பாட்டுக்கு இழுத்துக்கிட்டே போறாரு. எப்ப நிக்கும், எப்ப எறங்கும், ஒரு எழவும் புரியல. டாக்டரு எப்ப இழுப்பாருன்னும் புரியல. காதுல ஒருத்தரு, காலுல ஒருத்தரு. நடுவுல நான் எவங்கிட்ட மாட்டிக்கிட்டேன்னே தெரியல."

அன்று மத்தியானம் கோபத்தோடு வெளியே போய் ஓட்டலில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிட்டேன். இந்த ஊருக்கு வந்து நான் திட்டாத ஒரே பொருள் அந்தக் கொத்சு. மூன்று தடவை கேட்டு வாங்கினேன். மூன்றாவது தடவை பரிமாறியவர், "வெளியூரா?" என்றார். "இந்த ஜில்லாதான்" என்றேன். அவர் நம்பவில்லை.

ஆறாம் நாள் டாக்டருக்கு வெளியில் ஒரு பிரசவ கேஸ். "நீங்க அனுபவசாலி. இன்னிக்கு நீங்களே மாத்திடுங்கோ. பஞ்சு வாசிப்பான்" என்று சொல்லிவிட்டுப் போனார். பஞ்சுவை மூலையில் உட்கார வைத்து, "வில்லைத் தொட்டீங்க, தெரியும்!" என்றேன். அவர் பிடிலை மடியில் வைத்துக்கொண்டு பயந்த மாதிரி உட்கார்ந்தார். காசிம் கட்டிலின் தலைமாட்டில் நின்றான்.

நுனியை நனைத்துப் பிடித்தேன். "மூணு சொல்லுவேன்" என்று ஆரம்பித்தேன்.

"வேணாம். நீ ரெண்டுல இழுப்ப" என்றான் அண்ணன். நாற்பத்தைந்து வயசு ஆளின் கண்ணில் தண்ணீர் தளும்பியது. "எனக்கு எண்ணத் தெரியும் சரசு. என்னை ஏமாத்தாத."

காசிம் மெதுவாகச் சொன்னான்: "எங்க கயித்துல இப்படி யாராச்சும் இழுத்தா வெரலு போயிடும்க்கா. பாட்டு குடுக்கறவரு அடி எடுத்துக் குடுக்காம ஒரு கை இழுக்காது. மச்சான்தானே பாட்டு குடுக்கறவரு. அவரு கயித்தையே தொட மாட்டாரு. கரையில நிப்பாரு. அவரு வாயத் தொறந்தாத்தான் இருபது பேரும் இழுக்கணும். அவரு நிறுத்துனா படகு நின்ன எடத்துல நிக்கும்."

எனக்குப் பொறுமை போய்விட்டது. பிடில் வைத்தியம் போதாதென்று இது வேறா?

"ஓகோ! அப்போ உங்க மச்சானையே பாடச் சொல்லுங்க. பாடட்டும், நான் இழுக்கறேன். மேளதாளத்தையும் கூப்பிடுங்க. வேணும்னா தேரையும் கொண்டாந்து நிறுத்துங்க!"

குத்தலாகத்தான் சொன்னேன். அண்ணன் குத்தலாக எடுத்துக்கொள்ளவில்லை. முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்தான்.

"நெசமாவா? நான் சொல்ற வரைக்கும் இழுக்க மாட்டியே?"

"மாட்டேன்" என்றேன். இப்போது பின்வாங்கினால் மானம் போகுமே.

"எங்க மேல சத்தியம் பண்ணு. காசிம் மேல பண்ணு."

காசிம் தலையைக் குனிந்து கொடுத்தான். அவன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். என்ன பைத்தியக்காரத்தனம் பாருங்கள். ஆஸ்பத்திரியில் அன்றுவரை நான் எந்த நோயாளிக்கும் சத்தியம் செய்து கொடுத்ததில்லை.

அண்ணன் கண்ணை மூடினான். மூச்சு வாங்கினான். நான் நுனியைப் பிடித்தபடி நின்றேன். அவன் மறுபடி மூச்சு வாங்கினான். வாயைத் திறந்தான், மூடினான். என் கை பரபரத்தது. பதினெட்டு வருஷத்தில் துணி நுனியைப் பிடித்துக்கொண்டு நான் சும்மா நின்றது கிடையாது. ஒரு வார்டுக்கு முப்பது கட்டு, எங்கே நிற்பது?

பிறகு அந்தக் குரல் கிளம்பியது. அறைக்குப் பொருந்தாத குரல். கடல் காற்றில் இருபது பேருக்குக் கேட்க வேண்டிய குரல்.

"ஏலேலோ... பினாங்கு நர்சு வந்தாளே!"

"ஐலசா!" என்றான் காசிம். அந்த 'சா'வில் இழுத்தேன். இரண்டு விரற்கடை துணி வந்தது. அண்ணன் பல்லைக் கடித்தான், அலறவில்லை. அடுத்த அடி கொடுக்க வேண்டுமே.

"கத்தரிக்கோலு கொண்டாந்தா!"

"ஐலசா!"

"கூடப்பொறந்த பாவத்துக்கு!"

"ஐலசா!"

"கொடலை உருவப் பாக்கறா!"

"ஐலசா!"

படகு இழுக்கிற பாட்டில் அடிகளை அப்போதைக்கப்போது கட்டுவார்களாம், கங்காணியைத் திட்டுவதும் மாமியாரைத் திட்டுவதும் வழக்கமாம். என்னைத் திட்டித் தீர்த்தான். என் மூக்கைத் திட்டினான், என் பவுடரைத் திட்டினான், நான் கல்யாணம் பண்ணிக்கொண்டு கப்பல் ஏறியதைத் திட்டினான். வலி பொறுக்க முடியாத இடத்தில் நிறுத்தினான். நானும் நிறுத்தினேன். அவன் நெற்றி வேர்வையைக் காசிம் துடைத்தான். மறுபடி அடி வந்தது. மூன்றாவது நிறுத்தத்துக்கு அப்புறம் 'ஐலசா' இரண்டு குரலில் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பஞ்சு மூலையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, சுத்தமான சுருதியில் ஐலசா போட்டுக்கொண்டிருந்தார்.

பத்து நிமிஷ வேலைக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. பழைய துணி முழுவதும் வந்துவிட்டது. புண் சிவப்பாக, நல்ல சிவப்பாக இருந்தது. வாசலின் காஸை வைத்துக் கட்டினேன்.

"வலிக்கலியாண்ணே?"

"வலிக்காம? உசுரே போச்சு" என்றான். படுத்துக்கொண்டு, சோர்ந்த குரலில் சொன்னான்: "ஆனா நான் சொன்னப்பதானே வலிச்சுது."

நான் கை கழுவுகிற சாக்கில் பின்கட்டுக்குப் போய்விட்டேன். எத்தனை பேரிடம் இரண்டில் இழுத்திருப்பேன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கப் பயமாக இருந்தது.

மத்தியானம் டாக்டர் வந்து கட்டைப் பார்த்தார், காலைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார். "நீலாம்பரிதானே?"

"இல்லே அத்திம்பேர். இதுக்கு ராகமே கிடையாது" என்றார் பஞ்சு.

"ராகம் இல்லாம எப்படிடா வலி போகும்?"

நான் எடுத்துச் சொன்னேன். பாட்டு இல்லை டாக்டர், எப்போது இழுக்க வேண்டும் என்பதை அவன் சொல்கிறான், அதுதான் விஷயம், என்றேன். அவர் மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, பேனாவை எடுத்துப் போய் அட்டவணையின் கடைசியில், 'கடலோரத்தாருக்குப் படகுப் பாட்டு, தினம் ஒரு வேளை' என்று எழுதினார்.

அதோடு விட்டாரா? மறுநாள் முதுகில் கட்டியோடு வந்த ஒரு ரிடையர்டு குமாஸ்தாவைக் குப்புறப் படுக்க வைத்து, பஞ்சுவை ஐலசா போடச் சொன்னார். குமாஸ்தா தலையைத் தூக்கி, "நான் எதுக்குய்யா படகு இழுக்கணும்? நான் ரெவின்யூவில இருந்தவன்!" என்று கேட்டார். கட்டியை எப்போது கீறுவது என்று அவரை யாரும் கேட்கவில்லை. கீறினார்கள். தெருக்கோடிவரை கேட்டது.

எங்கள் அறையில் வேலை ஒழுங்காக நடந்தது. கட்டுக்குப் பிறகு முட்டியைப் பலகையில் அழுத்தும் வேலை. அதுதான் கொடுமை. அதற்கும் அவன்தான் அடி கொடுத்தான். எட்டு விரல் இடைவெளி ஏழாயிற்று, ஆறாயிற்று. ஒரு நாள் அவன் அடி கொடுக்கவே மாட்டேன் என்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். கப்பல் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. அழுத்திவிடலாமா என்று கை போயிற்று. காசிமின் தலை கண்ணில் பட்டது. கையை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். அப்புறம் சுவரைப் பார்த்தபடியே, சன்னமாக, "ஏலேலோ" என்றான்.

நான் கிளம்பிய அன்று மூன்று விரல் பாக்கி இருந்தது. மிச்சத்தை அழுத்தக் காசிமுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். கயிற்றில் முதல் பிடி பிடிக்கிறவனுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க அதிக நேரம் ஆகவில்லை. டாக்டர் எனக்குக் கும்பிடு போட்டு, பினாங்கில் தீப்புண்ணுக்கு என்ன ராகம் என்று கேட்டார். பஞ்சு வாசல்வரை வந்து, "நன்னா போயிட்டு வாங்கோ. உங்க அண்ணாவுக்கு நல்ல சாரீரம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை மன்னித்தேன்.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். "போயிட்டு வா. அங்க இருக்கறவங்களையும் மெதுவா இழு" என்றான்.

பினாங்கில் வேலையில் சேர்ந்த முதல் நாள். வெந்நீர் கொட்டிக் கை வெந்து, நான் ஊருக்குப் போகுமுன்பே என் வார்டில் சேர்ந்திருந்த ஒரு சீனக் கிழவர், காப்பிக் கடைக்காரர். துணி நுனியைப் பிடித்துக்கொண்டு பழக்கதோஷத்தில் "ஒன்று" என்றேன். நிறுத்திவிட்டேன். "எப்போது எடுக்கட்டும்? நீங்களே சொல்லுங்கள்" என்று மலாயில் கேட்டேன். கிழவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "நர்ஸ் ஊருக்குப் போய்விட்டு வந்து மாறிவிட்டாளா, அல்லது இதுவும் ஏமாற்றா?" என்று அடுத்த கட்டில்காரரிடம் கேட்டார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவரே சொன்னார். பாட்டெல்லாம் ஒன்றும் கிடையாது. இப்போது என் வார்டில் கட்டு மாற்ற ஒரு மணி நேரம் கூடுதலாக ஆகிறது, மேட்ரன் தினம் திட்டுகிறாள். திட்டு வாங்கி எனக்குப் பழக்கமாகிவிட்டது.

நாலு மாதம் கழித்துக் காசிமின் கடிதம் வந்தது. 'மச்சான் கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார். ஆனால் கோல் இல்லை. போன வாரத்திலிருந்து கரைக்கு வருகிறார், நின்று பாட்டுக் கொடுக்கிறார். உங்களைத் திட்டின பாட்டையேதான் கொடுக்கிறார் அக்கா, நாங்கள் சொன்னாலும் கேட்பதில்லை. பினாங்கு நர்சு என்று எடுத்தால் படகு வழுக்கிக்கொண்டு ஏறுகிறது. நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.'

ஆக, முதுநகர்க் கரையில் தினமும் காலையில் இருபது ஆண்பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் மூக்கையும் பவுடரையும் திட்டுகிறார்கள். நன்றாகத் திட்டட்டும், ஒரு அடியைக்கூடக் குறைக்கக் கூடாது, குறைத்தால் கத்தரிக்கோலோடு அடுத்த கப்பலில் வருவேன் என்று அண்ணனுக்கு எழுதிப் போட்டேன்.